இரண்டு அரிசி, ஒரே உலை

எங்கள் அம்மா ஆண்டவருக்குள் கண்மூடி இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அம்மாவிடம் ஒரு வாய்ச் சோறாவது வாங்கித் தின்ற எல்லாருக்கும் மூத்த மகளின் அன்பான தோத்திரம்.

என்னை எழுதச் சொன்னது தம்பி. அவனுக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. “அம்மாகிட்ட அதிகமா வாயாடுனது நீதாங்க்கா, நீயே எழுதிடு” என்று என் தலையில் கட்டிவிட்டான். சாந்தம், பொறுமை என்று இரண்டு வார்த்தை கட்டாயம் போடவேண்டும் என்று சித்தி திருப்பதியில் என் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். பொறுமை அம்மாவிடம் நிறைய உண்டு. சாந்தம் என்று போட்டால் சபையார் சிரிப்பார்கள். அதனால் பொறுமையை மட்டும் எழுதுகிறேன், சித்தி மன்னிக்கவேண்டும்.

அம்மா பிறந்தது பாகாலாவில். தாத்தாவுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு, ஸ்டேஷனில் கேட்டது எல்லா பாஷையும். அம்மாவுக்குக் கோபம் வந்தால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். எந்த இடத்தில் மாறினார் என்று அவருக்கே தெரியாது. சிறு வயதிலேயே தாயை இழந்து, தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்ந்தவர். கல்யாணமாகி, புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா பஸ் டிப்போவில் மெக்கானிக். அம்மா அங்கன்வாடி டீச்சர். நைனாவின் சட்டையில் கிரீஸ் வாசனை, அம்மாவின் புடவையில் வெந்த பருப்பு வாசனை. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இருவரும் வளர்ந்தோம்.

எங்கள் ஊரில் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். லுத்தரன் சபை. வெகு காலமாக அங்கே ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை நடந்தது. காலையில் தமிழ், அது முடிந்ததும் தெலுங்கு. கோயில் ஒன்று, மணி ஒன்று, ஆனால் இரண்டு கூட்டமும் வாசலில் செருப்பு மாட்டும்போது பார்த்துக்கொள்வதோடு சரி. தமிழ் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது நைனா. வாலிப வயதில் தொடங்கியது. கைநகத்தில் இருக்கும் கிரீஸைச் சனிக்கிழமை சாயங்காலமே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மறுநாள் வெள்ளைச் சட்டையில் போய் நின்று அவர் வாசித்தால், கடைசி பெஞ்சில் இருக்கும் கிழவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். டிப்போவில் அவர் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். கோயிலில் எல்லாரும் கேட்பார்கள். அதில் அவருக்கு இருந்த பெருமை எங்களுக்கெல்லாம் தெரியும்.

அம்மாவின் வேலை பிடி அரிசி. சபைப் பெண்கள் உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவார்கள். வாரம் முழுக்கச் சேர்ந்ததை ஞாயிறன்று கோயில் கூடையில் கொட்டவேண்டும். வரமுடியாதவர்கள் வீட்டுக்கு அம்மா பையோடு போவார். தெலுங்கு சபையில் அதே வேலையைச் செய்தவர் ரத்னம்மா. டப்பாவைத் தூக்கும்போதே அம்மாவுக்கு அந்த வீட்டுச் சேதி தெரிந்துவிடும். டப்பா இலேசாக இருந்தால் ஒன்றும் கேட்கமாட்டார். அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் பையில் அரிசி போகும், “மழ வர்ற மாதிரி கீது, கோயில்ல வெச்சா நனஞ்சிடும், உங்க வீட்ல வெச்சிக்கோங்க” என்ற சாக்கோடு. வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் அம்மாவுக்கு மழை வருகிற மாதிரிதான் இருக்கும்.

பிறகு ஒரு மாற்றம் வந்தது. வாலிபர்கள் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட, தமிழ் ஆராதனையில் தலைகள் குறைந்தன. புதிதாக வந்த போதகர் ஐயாவுக்குத் தெலுங்கு மட்டுமே தெரியும். இனி ஒரே ஆராதனை, அது தெலுங்கில் என்று முடிவானது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நைனா வாசித்த பாடம் அன்றோடு நின்றது. அவர் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா வேறு மாதிரி. சபை ஒன்றாகிவிட்டது என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கூடையையும் ஒன்றாக்கினார். அந்த ஆண்டு, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை விருந்துக்கு ரத்னம்மாவோடு சேர்ந்து பிடி அரிசி முழுவதையும் ஒரே அண்டாவில் கொட்டினார். “சபை ஒன்னு, ஒலையும் ஒன்னு” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தினமும் சோறு வடித்த அங்கன்வாடி டீச்சர் அன்று ஒன்றை மறந்தார். எங்கள் தமிழ் வீடுகளில் தின்பது புழுங்கலரிசி. தெலுங்கு வீடுகளில் பச்சரிசி. ஒன்று வேகும் நேரத்தில் மற்றொன்று வேகாது.

பச்சரிசி குழைந்து பசையானது. புழுங்கலரிசி அதற்குள் கல் கல்லாக நின்றது. ஊரே இலை போட்டு உட்கார்ந்திருக்க, ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றியும் அந்தச் சோறு இறங்கவில்லை. முதலில் சிரிப்புதான். அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்போதுதான் நைனா இலையை மடித்துவிட்டு எழுந்தார். தமிழிலும் தெலுங்கிலும் எல்லாருக்கும் புரியும்படி, பாடம் வாசிக்கும் குரலில் சொன்னார்: “அரிசியே ஒத்துப்போவல. மனுசன் எங்க ஒத்துப்போவான்?”

சிரிப்பு நின்றுவிட்டது. இனி இந்தப் பந்தியில் கை நனைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நைனா நடந்து போய்விட்டார்.

அதற்குப் பின் வந்த வாரங்கள் எங்கள் வீட்டில் நன்றாக இல்லை. சில தமிழ்க் குடும்பங்கள் நைனாவைத் தேடி வந்தன. எங்கள் வீட்டு மாடியில் தனியாகத் தமிழ் ஆராதனை வைத்துக்கொள்ளலாம், கோயிலை அவர்களுக்கே விட்டுவிடலாம் என்று பேச்சு. நைனா சரி என்றார். அம்மா மாடிச் சாவியைக் கொண்டுவந்து நைனாவின் கையில் கொடுத்தார்.

“தாராளமா கூட்டம் போடுங்க. பாய் எல்லாம் தட்டி வெச்சிருக்கேன். ஆனா ஞாயித்துக்கெழம நான் கோயிலுக்குத்தான் போவேன். பிடி அரிசி வாங்கணும்.”

“ஊர் சிரிக்கும்” என்றார் நைனா.

“போன மாசமே சிரிச்சிடுச்சு. இனிமே இன்னா.”

மாடிக் கூட்டம் ஒரே ஒரு ஞாயிறு நடந்தது. வந்தவர்களின் மனைவிமார் பாதிப் பேர் அம்மாவோடு கோயிலுக்குப் போய்விட்டார்கள். பாட்டை எடுத்துக்கொடுக்க ஆளில்லை, காபி போடவும் ஆளில்லை. அடுத்த வாரம் ஆண்கள் ஒவ்வொருவராக, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்களைப் போல், கோயிலுக்குத் திரும்பினார்கள். நைனாவும் வந்தார், கடைசி பெஞ்சுக்கு. சபை உடையாமல் நின்றது. ஆனால் பந்தியில் உட்காரமாட்டேன் என்று சொன்ன சொல்லை மட்டும் அவர் விடவில்லை.

அம்மா போதகர் ஐயாவிடம் போய்த் தமிழுக்கு ஒரு பாடமாவது வேண்டும் என்று கேட்டார். ஐயா நல்ல மனிதர். தனக்கும் தமிழ் காதில் விழட்டும் என்று ஒத்துக்கொண்டார். பழைய ஏற்பாட்டுப் பாடம் தமிழில், அதன் பின் மற்றவை தெலுங்கில். அம்மா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னார். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “முழுசா குடுத்தா படிக்கிறேன். பிச்ச போட்ட மாதிரி ஒன்னு குடுத்தா வேணாம்.”

ஆகவே அம்மாவே வாசிக்கப் போனார். சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் பழகுவார். படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பார். அதிலும் வேதத்தில் வரும் ராஜாக்கள் பெயரென்றால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு ராஜாவையும் இரண்டாக உடைத்து விழுங்குவார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளறையிலிருந்து நைனா பெயரைச் சரியாகச் சொல்வார். அம்மா அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போவார். எத்தனையோ வருடம் படித்த பெயர்களைக்கூட வாராவாரம் அதே இடத்தில் அம்மா தப்பாகவே வாசித்தார். ஒருநாள் நான் மெதுவாகக் கேட்டேன், வேண்டுமென்றேதான் செய்கிறீர்களா என்று. “வாய மூடிக்கினு வெங்காயத்த உரி” என்றார்.

அரிசி விஷயத்தையும் அவர் விடவில்லை. வீட்டில் சின்னக் குண்டானில் சோதனை நடந்தது. இனி கூடையில் அரிசியைக் கலப்பதில்லை. கோயிலில் இரண்டு ட்ரம், ஆனால் உலை ஒன்றுதான். புழுங்கலரிசியை முதலில் போட்டு, அது பாதி வெந்ததும் பச்சரிசியைப் போடவேண்டும். எவ்வளவு நேரம் விட்டு என்பதுதான் கணக்கு. பதம் தப்பிப் போன சோற்றையெல்லாம் வீட்டில் யார் தின்றது என்று நினைக்கிறீர்கள்? நைனாதான். தட்டில் போட்டதைப் பேசாமல் தின்பார், குழைந்திருந்தாலும் சரி, விறைத்திருந்தாலும் சரி. அது வீட்டுச் சோறாம். கோயில் பந்திச் சோறுதான் ஆகாதாம்.

அடுத்த அறுப்பின் பண்டிகையில் சோறு பதமாக வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் எங்கள் சபையில் கலந்த சோறுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதென்ன வழக்கம் என்று கேட்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் அம்மா நைனாவைப் பந்திக்கு அழைப்பார். ஒவ்வொரு ஆண்டும் நைனா வீட்டுக்கு நடந்துவிடுவார். எனக்கு எரிச்சல் வரும். “ஏம்மா கூப்புட்டுக்கினே இருக்கீங்க, வர்றவரா இருந்தா வரமாட்டாரா” என்பேன். அம்மா ஒரே பதில்தான் சொல்வார். “உங்க நைனா புழுங்கலரிசிடி. நேரம் ஆவும்.”

சென்ற ஆண்டு அம்மாவின் சிறுநீரகங்கள் பழுதாகி, திருப்பதியில் ஆஸ்பத்திரியும் என் வீடுமாகப் பல மாதங்கள் போயின. ரத்னம்மா புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கட்டிலருகில் உட்கார்ந்துகொள்வார். அம்மாவுக்கு உப்பில்லாத கஞ்சி மட்டும். “இத்தன வருசம் ஊருக்கு ருசி பாத்துட்டு, கடசில எனக்கு உப்பு இல்லாம போச்சு பாத்தியா” என்று அவரிடம் சிரிப்பார். ஒருநாள் நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அம்மா ரத்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “இனிமே நீ ஒலைய பாத்துக்கோ. அவர மட்டும் கூப்புடாம வுட்டுடாத. வரலன்னாலும் கூப்புடு.” அது அம்மா தெளிவாகப் பேசிய கடைசி நாட்களில் ஒன்று. அந்த அறுப்பின் பண்டிகைக்கு முன்னமே, ஒரு விடியற்காலையில், ஜெபம் சொல்லக் கேட்டபடியே அம்மா போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் இரண்டு பாஷையிலும் பாடினார்கள். கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நைனா முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நானும் தம்பியும் கெஞ்சிப் பார்த்துவிட்டோம். அப்போது ரத்னம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தில் சோறு கொண்டுவந்தார். கோயில் ட்ரம்களிலிருந்து எடுத்து, கோயில் அடுப்பிலேயே வடித்த கலந்த சோறு. அம்மாவை அவர் அக்கா என்று கூப்பிடுவார். அக்காவின் புருஷன் தெலுங்கில் பாவகாரு.

“பாவகாரு, அக்கா சொன்ன மாதிரியே போட்டேன். முதல்ல புழுங்கல், அப்பறம் பச்சரிசி. நேனு ஒண்டியா வடிச்சது இதான் மொதல் தடவ. பதம் சரியா கீதான்னு மட்டும் பாருங்க.”

நாங்கள் எல்லாரும் நைனாவைப் பார்த்தோம். போதகர் ஐயாவும் மூப்பர்களும் அங்கேதான் நின்றிருந்தார்கள். ரத்னம்மா சோறு போட்டு நீட்டிய தட்டை நைனா வாங்கினார். ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தார். இன்னொன்றை நசுக்கிப் பார்த்தார். பிறகு ஒரு வாய் வைத்தார்.

“வெந்துகீதும்மா” என்றார். “ரெண்டும் வெந்துகீது.”

அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். அழுதுகொண்டே தட்டில் இருந்ததைத் துடைத்துத் தின்றார். அம்மா பார்த்திருக்கவேண்டிய காட்சி அது. பார்க்காமல் போய்விட்டாரே என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அடுத்த ஞாயிறு பழைய ஏற்பாட்டுப் பாடத்தின் நேரம் வந்தபோது கோயிலில் யாரும் எழவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து நைனா எழுந்து நடந்து வந்தார். அன்றிலிருந்து அவர்தான் வாசிக்கிறார். ராஜாக்கள் எல்லாரும் முழுசாக இருக்கிறார்கள். அம்மா உடைத்த ராஜாக்களைக் கேட்கத்தான் எங்களுக்கு ஆசையாக இருக்கிறது.

அம்மாவின் நோயில் உடனிருந்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், ரத்தம் கொடுத்த தம்பியின் ஷிப்டு நண்பர்களுக்கும், பாகாலாவிலிருந்து வந்து என் வீட்டுச் சமையலைப் பார்த்துக்கொண்ட சித்திக்கும், பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிய ரத்னம்மாவுக்கும், கோயிலிலும் வீட்டிலும் ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் என்னைத் திட்டலாம், அம்மாவை நினைத்துக் கொஞ்சமாகத் திட்டுங்கள்.

இதுவரை எழுதியதை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். பந்தியைவிட்டு எழுந்துபோன இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார். ஓராண்டு ஆராதனை முடிந்து கோயிலுக்குப் பின்னால் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு, அதைக் கடைசியில் போடு என்றார். எப்படி எழுதுவது என்றதற்கு, அவரே சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

“புழுங்கலரிசிய நான் முன்னாடியே போய் ஒலையில போட்டுடறேன். நீங்க பச்சரிசி எடுத்துக்கினு வாங்க.”