தனலட்சுமி மேடத்தின் பௌர்ணமி சோதனை

செய்தி எங்களுக்கு விளையாட்டுக்குள்ளேயேதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி. கோட்டையின் கிழக்கு வாசலில் ஒன்பது பேர் கூடியிருந்தோம். அதாவது, ஒன்பது பேரும் அவரவர் வீட்டில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். திரையில் முரசு ஒலித்தது, அதாவது எல்லாருக்கும் பொதுவான அறிவிப்பு வந்தது: "நான் சம்பத். தனம் இன்று காலை தவறிவிட்டாள். எல்லாருக்கும் சொல்லிவிடவும்."

எங்கள் கோட்டையில் முரசு ஒலித்தால் புதுக் கதை தொடங்குகிறது என்று அர்த்தம். போர் வரும், பஞ்சம் வரும், ராணி காணாமல் போவாள். அந்தப் பழக்கத்தில் தளபதி உடனே எழுதினார்: "யாரடா இந்தச் சம்பத்? கட்டி இழுத்து வாருங்கள்!" நான் அந்த ஆட்டத்தில் கொத்தனார்; தனலட்சுமி மேடம் மருத்துவச்சி. என் பங்குக்கு நானும் எழுதினேன்: "பொய் முரசு! மருத்துவச்சி செத்தால் எங்களுக்குக் கஷாயம் யார் கொடுப்பது?" அந்த வரியை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது. தனம் என்ற நிஜப் பெயரைக் கண்ணால் பார்த்தும் இது ஆட்டமில்லை என்று மண்டையில் உறைக்கவில்லை. மேடம் ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தது தெரியும். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்.

பச்சையப்பன்தான் முதலில் புரிந்துகொண்டார். அடி அண்ணாமலையில் கடை வைத்திருப்பவர், பார்வை கிடையாது, போன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் ஆடுவார். என்னை அழைத்தார். "சார், இது ஆட்டம் இல்ல சார். முரசு அடிக்கணும்னா மேடம் வீட்டு கம்ப்யூட்டர்லேர்ந்துதான் அடிக்கணும். அத்த யாரையும் தொட விடமாட்டாங்க. வேற ஒருத்தர் தொட்டிருக்காருன்னா இன்னா அர்த்தம்?"

அன்று மாலை வேங்கிக்காலில் மேடம் வீட்டுக்குப் போனபோது, அவர் கணவர் சம்பத்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதினதெல்லாம் படிச்சேன் சார். அவ இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா." ஆகவே, அஞ்சலிக் கட்டுரையில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். அழுகையை அங்கேயே முடித்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களில் பலருக்கு தனலட்சுமி மேடத்தைக் கீழ்பென்னாத்தூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற அம்மாவாகத்தான் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் ஏழு வாசல் கோட்டையின் மருத்துவச்சி மங்கை. கோட்டை என்றால் கல்லால் கட்டியது இல்லை. முழுக்க எழுத்து. படம் கிடையாது, சத்தம் கிடையாது. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, என்ன பேசுகிறோம், என்ன செய்கிறோம் என்று எழுதுவோம்; மற்றவர்கள் பதில் எழுதுவார்கள்; கதை நகரும். நடுத்தர வயதில் இதென்ன பிள்ளை விளையாட்டு என்று என் மனைவி கேட்டாள். இப்போது அவள்தான் கோட்டையின் வரி வசூல் அதிகாரி. ஈவு இரக்கம் கிடையாது.

முதலில் இதைப் போனில் ஒரு குரூப் வைத்துத்தான் ஆடினோம். அந்தக் கூத்தைக் கேளுங்கள். மந்திரியை விசாரிக்கிற நேரத்தில் யாரோ காலை வணக்கம் ரோஜாப்பூவை அனுப்புவார்கள். யாருடைய மச்சினிச்சியின் கல்யாணப் பத்திரிகையோ சிம்மாசனத்தில் வந்து விழும். உச்சக்கட்டமாக, மந்திரி எழுதிய மன்னிப்பு மனு நெட் கோளாறில் மாட்டி, தலையை வெட்டிய பிறகு வந்து சேர்ந்தது. மந்திரி இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. வேறு தளம் பார்த்தே ஆக வேண்டும் என்று அன்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒன்று சொன்னோம். ஒருவர் அறை அறையாகப் பிரித்த அரட்டைச் செயலி என்றார். இன்னொருவர் பழைய மாதிரி இணைய மன்றம், நிதானமாக எழுதலாம் என்றார். நான் சொன்னது வரைபடத் தளம். கோட்டையின் படம் திரையில் விரியும், நம் ஆளைத் தொட்டு நகர்த்தலாம், பகடை உருளும். சண்டை சூடுபிடித்தபோது மேடம் ஒரே வரியில் நிறுத்தினார்: "ரிசல்ட் வரட்டும், அப்புறம் அடிச்சுக்கலாம்."

அவர் சோதித்த விதம் இருக்கிறதே! உலகத்தில் வேறு யாரும் மென்பொருளை அப்படிச் சோதித்திருக்க மாட்டார்கள். பௌர்ணமி அன்று சாயங்காலம், கிரிவலக் கூட்டம் முட்டி மோதுகிற நேரத்தில், அடி அண்ணாமலைக்குப் போய்ப் பச்சையப்பன் கடையில் உட்கார்ந்துகொள்வார். நம் ஊரில் அந்த நேரத்தில் போனில் டவர் காட்டும், நெட் ஒரு சொட்டு வராது. "இங்க இன்னிக்கு ஓடுச்சுன்னா எங்கயும் ஓடும்" என்பார். பச்சையப்பனின் போன், விலை கம்மியான ஒரு போன், தன் போன், மூன்றிலும் ஆடிப் பார்ப்பார். பௌர்ணமிக்கு ஒரு தளம்தான். மறுநாள் ரிப்போர்ட் வரும். ரத்தப் பரிசோதனைப் படிவத்தின் அச்சிலேயே செய்திருப்பார்: மாதிரி எடுத்த நாள், மாதிரி எடுத்த இடம், முடிவு, குறிப்பு. அரட்டைச் செயலிக்கு அவர் கொடுத்த குறிப்பு இன்னும் மனப்பாடம்: "அறைகள் ஜாஸ்தி. ஆள் கம்மி. யார் எந்த அறையில் என்று தேடியே பொழுது போகும்."

என் வரைபடத் தளத்தின் முறை வந்தது. நான் நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவன். அந்தக் கோட்டைக்காக மூன்று மாதம் சாப்பாட்டு இடைவேளையெல்லாம் செலவழித்து ஏழு வாசல், இரண்டு கிணறு, நிலவறை என்று அளவு பிசகாமல் வரைந்திருந்தேன். வாக்கெடுப்பு நடந்தால் என் தளம்தான் ஜெயிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பெருமையாகச் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு நானும் சோதனைக்குப் போனேன். கடை வாசலில் ஜனங்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பச்சையப்பன் போனில் எப்படியோ திறந்துகொண்டது. அவர் காதில் வைத்துக் கேட்டார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று, திரையை வாசிக்கும் பெண் குரலின் சத்தத்தைக் கூட்டினார். அந்தப் பெண் குரல் வாசித்தது: "படம். படம். பொத்தான். படம்."

என் மூன்று மாத உழைப்பு அவ்வளவுதான். பச்சையப்பன் சங்கடத்தோடு சிரித்தார். "நல்லாத்தான் இருக்கும் சார். எல்லாரும் சொல்றாங்க. நான் வேணா ஒதுங்கிக்கறேன், நீங்கல்லாம் ஆடுங்க." மேடம் தன் போன்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். மறுநாள் ரிப்போர்ட் பேசியது. "வரைபடம்: மிக அழகு. பச்சையப்பன்: வாசலில் நிற்கிறார். முடிவு: நெகட்டிவ்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு ஆளுக்காகப் பதினேழு பேர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று எழுதிவிட்டேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் எழுதினேன். மறைத்து என்ன ஆகப் போகிறது, அன்று அதைப் படித்த கோட்டைக்காரர்களும் உங்களில் இருக்கிறார்கள். மேடத்தின் பதில்: "வாசல் ஏழு இருக்குது சார். ஒருத்தருக்கு ஒண்ணுகூடத் திறக்கலன்னா அது கோட்டை இல்ல, சுவரு." அதோடு நான் கோபித்துக்கொண்டு போனவன், இரண்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் அவர் மூன்று காரியம் செய்தார். வெறும் எழுத்து மட்டும் ஓடுகிற, ஓட்டைப் போனிலும் திறக்கிற ஒரு பழைய பாணி மென்பொருளைத் தேடிப் பிடித்துத் தன் வீட்டுக் கணினியில் நிறுவினார். பௌர்ணமி சோதனையில் அது ஒரு வரி பிசகாமல் ஓடியது. இரண்டாவது, ஆளில்லாத என் கொத்தனாரைத் தளபதி கொல்லப் பார்த்தபோது குறுக்கே விழுந்து ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆட வராதவர் பெயருக்கு எதிரே "கிரிவலம் போயிருக்கிறார்" என்று எழுதிவிட வேண்டும்; அவராகத் திரும்பி வந்து எழுதும்வரை அவரை யாரும் தொடக் கூடாது. எவ்வளவு நாள் என்று தளபதி கேட்டாராம். "மலை சுத்தறவங்களுக்கு டைம் வெப்பாங்களா?" என்று மேடம் திருப்பிக் கேட்டாராம்.

மூன்றாவதுதான் என்னை வீழ்த்தியது. ஒரு நாள் மதியம் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் தாள் கட்டு. டிபன் டப்பாவை மூடச் சொல்லி மேசைமேல் என் வரைபடத்தைப் பரப்பினார். "கிழக்கு வாசல்லேர்ந்து கிணத்துக்கு எத்தினி அடி சார்?"

"எதுக்கு மேடம்? அதான் நெகட்டிவ்னு போட்டீங்களே."

"தளம்தான் நெகட்டிவ். மேப்பு தங்கம். அத்த வார்த்தையா மாத்திக்கிட்டு இருக்கேன். நாப்பது இடம் முடிஞ்சுது. கிணத்துல வந்து நிக்கறேன். எத்தினி அடி?"

பன்னிரண்டு என்றேன். வரைபடத்தின் ஒவ்வொரு கோடும் அவர் கையில் வாக்கியமாகியிருந்தது: இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனால் நிலவறைப் படி, படி ஒன்பது, ஐந்தாவது படி உடைந்தது. அடுத்த ஞாயிறு நான் கிரிவலம் முடித்துத் திரும்பினேன். அன்றைக்கு எதிரிப்படை புகுந்துவிட்டது. கோட்டைக்குள் எல்லாரும் வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றபோது, பச்சையப்பன் மட்டும் நிலவறை வழியாக ஒரே மூச்சில் அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்தார். வரைந்த எனக்கே அந்த வழி ஞாபகம் வரவில்லை! நான் வீட்டில் எழுந்து நின்று கைதட்டினேன்.

மேடத்துக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. ஆட்டம் ஒரே கணினியில் இருக்கக் கூடாது. ஞாயிறுதோறும் இரவு முழுக் கோட்டையின் பிரதி எங்களில் ஒருவர் கணினிக்குத் தானாகப் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். திறந்து ஓட்டிப் பார்த்து, எல்லாரும் இணையத்தில் பார்க்கிற பொதுத்தாளில் "திறந்து பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். "திறந்து பாக்காத வரைக்கும் அது பிரதி இல்ல சார், நம்பிக்கை" என்பார். கடைசி மூன்று மாதம் என் முறை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒருமுறைகூட நான் திறந்து பார்க்கவில்லை. வாரந்தோறும் கையெழுத்து மட்டும் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய கணினி நின்றுபோனது. சம்பத் என்னென்னவோ செய்து பார்த்தார், உயிர் வரவில்லை. மற்றவர்களிடம் இருந்தவை பழைய பிரதிகள். மேடம் கடைசியாக எழுதிய மூன்று மாதம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. இருந்ததா என்பதே எனக்குத் தெரியாது. ஞாயிறு மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பச்சையப்பனும் வந்திருந்தார். கையெழுத்து விஷயத்தை இருவரிடமும் சொன்னேன். சம்பத் திட்டவில்லை. "இப்ப தொறங்க" என்றார்.

திறந்தேன். வெறும் கறுப்புத் திரை. பிறகு ஒரு வரி வந்தது. இன்னொரு வரி. பச்சையப்பன் தன் போனிலிருந்து உள்ளே நுழைந்தார். முதல் ஆளாக அவர்தான் நுழைந்தார். அந்தப் பெண் குரல் வாசித்தது: "கிழக்கு வாசல். கிணறு இங்கிருந்து வடக்கே பன்னிரண்டு அடி." நான் ஓவென்று கத்திவிட்டேன்; பச்சையப்பன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். குரல் நிற்காமல் ஆட்களின் பட்டியலை வாசித்தது. தளபதி, வீட்டில். கொத்தனார், வாசலில். மருத்துவச்சி மங்கை, கிரிவலம் போயிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் மேடமே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

"அப்டின்னா?" என்றார் சம்பத்.

பச்சையப்பன் விளக்கினார். "அவங்களா வந்து எழுதற வரைக்கும் யாரும் தொடக்கூடாது சார். கொல்லக்கூடாது, பேர அழிக்கக்கூடாது."

"எத்தினி நாளைக்கு?"

"அதுக்கு மேடம் கணக்கே வெக்கல சார்."

சம்பத் உள்ளே போய் எங்களுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

கோட்டை இப்போது என் வீட்டில் ஓடுகிறது. யாரோ புதிதாக ஒரு தளம் சொல்லியிருக்கிறார்கள், பிரமாதமாம். வரும் பௌர்ணமிக்கு அடி அண்ணாமலை போகிறோம், படிவம் அச்சடித்துவிட்டேன். மேடத்திடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒரே ஒரு வேலை. ஞாயிறுதோறும் ஆட்டம் முடிந்ததும் பிரதியைத் திறக்கிறேன். கிழக்கு வாசலில் நுழைந்து, கிணறுவரை நடந்து, பட்டியலைக் கடைசிவரை பார்க்கிறேன். மங்கை இன்னும் திரும்பவில்லை. திறந்து பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.