உர்சுலா டோவிக்கு வந்த இரண்டு ஓலைகள்

போன வாரம் எங்கள் ஆஷ்கோம்ப் கோயில் மணி ஓயாமல் அடித்தது. புது ராஜாவும் ராணியும் பட்டம் ஏற்றுவிட்டார்களாம். இருந்த ராஜா கடல் தாண்டி ஓடிவிட்டார். நாடாளுமன்றமே உட்கார்ந்து பேசி, நிபந்தனை எழுதிப் படித்துக் காட்டி, அவர் மகளையும் மருமகனையும் அரியணையில் ஏற்றிவிட்டது. நான் இளைஞனாக இருந்தபோது ராஜாதான் நாடாளுமன்றத்தைக் கூப்பிடுவார், பிடிக்காவிட்டால் போ என்று விரட்டுவார். இப்போது அவர்கள் ராஜா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். எனக்கு எழுபது வயது ஆகப்போகிறது. யார் யாருக்கு எஜமான் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மணிச்சத்தம் கேட்டதும் உர்சுலா டோவியைத்தான் நினைத்தேன். அவளுக்கும் கடைசிவரை பிடிபடவில்லை.

எங்கள் ஊரில் ஊர்க்காவல் பொறுப்பு வீட்டு முறைப்படி வரும். ஒரு வருடம் ஒரு வீடு. விதவை வீட்டுக்கு முறை வந்தால், அவள் கூலிக்கு ஓர் ஆளை வைத்துத் தப்பித்துக்கொள்வது வழக்கம். டோவியம்மா அப்படிச் செய்யவில்லை. வர்ணம் பூசிய காவல் கோலைத் தானே வாங்கி அடுப்பங்கரையில் சாத்தி வைத்துக்கொண்டாள். அந்த வருடம் பார்த்தா அப்படி ஒரு வீம்பு வரவேண்டும்!

ராஜாவும் நாடாளுமன்றமும் மோதிக்கொண்ட ஆயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டாம் வருடம், ஆகஸ்ட் மாதம், அறுவடை பாதியில் நிற்கிறது. ஒரே நாளில் இரண்டு குதிரைக்காரர்கள் ஆளுக்கோர் ஓலையோடு வந்தார்கள். ஊரின் ஆட்களையும் ஆயுதங்களையும் பக்கத்து நகரமான வெல்ஸுக்கு அனுப்பு என்றது ஒன்று. ஷெப்டனுக்கு அனுப்பு என்றது இன்னொன்று. இரண்டுக்கும் அதே செவ்வாய்க்கிழமை. அனுப்பாவிட்டால் சிறை, இரண்டிலுமே.

ஊரின் ஆயுதம் என்பது கோயில் வாசலுக்கு மேலே இருந்த அறையில் கிடந்த இரண்டு நீள ஈட்டி, இரண்டு மார்க்கவசம். ஒரு கவசத்துக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ஊரின் ஆட்கள் என்பது டோவியம்மாவின் ஒரே மகன் ஜெர்வஸும் நானும்தான். வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி என்று போய்க் குடித்துவிட்டு வருவோம்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பாதிரியார் வீட்டுக்குப் போனாள். அவர் இரண்டையும் மூன்று தடவை படித்தார்.

"ரெண்டுலயும் ராஜா பேரைச் சொல்லித்தாம்மா கூப்பிடறாங்க. வெல்ஸ் ஓலை ராஜா பேர்ல. ஷெப்டன் ஓலை ராஜா பேரும் நாடாளுமன்றம் பேரும் சேர்ந்து."

"ஒரு மனுஷன் ரெண்டு ஊர்ல எப்படி ஐயா நிப்பாரு?"

"ரெண்டுலயும் இல்ல. அவரு வடக்கே எங்கேயோ இருக்காரு. லண்டன் நாடாளுமன்றக்காரங்க என்ன சொல்றாங்கன்னா, ராஜாவோட உடம்பு வேற, ராஜாங்கிற பதவி வேற. உடம்பு கெட்டவங்க பேச்சைக் கேட்டு வழிதவறிப் போச்சாம். பதவி நாடாளுமன்றத்துல பத்திரமா இருக்காம்."

"அப்போ உடம்பை அடிச்சுப் பதவியைக் காப்பாத்தப் போறாங்களா?"

"அப்படித்தான் போலிருக்கு."

"என் புருஷனுக்கும் அதே கதைதான். பதவி வீட்டுலயே இருக்கும், உடம்பு கள்ளுக்கடையில கிடக்கும். நான் ரெண்டையும் ஒரே துடைப்பத்தாலதான் அடிச்சேன்."

ஜெர்வஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, ஓர் ஆளும் ஓர் ஈட்டியும் வெல்ஸுக்கு, ஓர் ஆளும் ஓர் ஈட்டியும் ஷெப்டனுக்கு என்றாள். ராஜா எங்கே இருந்தாலும் ஊர் அவர் சொல் கேட்டதாக ஆகிவிடும் அல்லவா!

"யார் எங்கேம்மா?" என்று ஜெர்வஸ் கேட்டான்.

"நீங்களே பிரிச்சுக்குங்க. நான் வாயைத் திறந்தா, பெத்த பிள்ளையை நல்ல இடமாப் பாத்து அனுப்பினாள்னு நாளைக்கு ஊரு பேசும்."

"பார்னபி, நீ முதல்ல சொல்லுடா" என்றான் அவன்.

நான் வெல்ஸ் என்றேன். ராஜபக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அங்கே பெரிய கோயிலுக்குப் பின்சந்தில் ஒருத்தி விற்கும் ஆப்பிள் கள் இந்த வட்டாரத்திலேயே பேர்போனது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

"சரி, எனக்கு ஷெப்டன். ராஜாவைப் பாத்தா நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்றான் ஜெர்வஸ்.

வெல்ஸில் ஓர் அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஈட்டியையும் கவசத்தையும் பிடுங்கித் தன் ஆள் ஒருவனிடம் கொடுத்தார். "ஆயுதம் போதும், நீ வீட்டுக்குப் போ" என்றார். இரண்டு நாள் கள் குடித்துவிட்டுத் தலைவலியோடு திரும்பினேன். ஷெப்டனில் ஆளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ஜெர்வஸ் வடக்கே நடந்தான். அக்டோபரில் வாரிக்ஷயரில் ஒரு வயலில் நடந்த சண்டையில் செத்துப்போனான். அவனுடைய கேப்டன் கடிதம் எழுதியிருந்தார். 'மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஆற்றிய சேவையில் வீழ்ந்தான்.' பாதிரியார் படிக்கக் கேட்டு, டோவியம்மா அதை மடித்து மாவுப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். என் பையன் ராஜாவுக்காகச் செத்தான் என்று கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

சண்டை தொடங்கி ஏழாவது குளிர்காலத்தில் ராஜாவின் தலையை வெட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. என்னைத் தேடி வந்தாள்.

"வெட்டினது யாருடா?"

"ஜெர்வஸ் போன பக்கந்தான், டோவியம்மா."

"அவங்க ராஜாவைக் காப்பாத்தத்தானே போனாங்க?"

"அப்படித்தான் ஓலையில இருந்துச்சு."

"உடம்பைத்தான் வெட்டினாங்களா? பதவி இருக்கா?"

"அதையும் ஒழிச்சுட்டாங்களாம்."

அவள் திரும்பி வீட்டுக்குப் போனாள். அன்று அவள் வீட்டுக் கஞ்சி அடிப்பிடித்த நாற்றம் தெருமுனைவரை வந்தது.

பதினோரு வருடம் ராஜா இல்லாமல் கழிந்தது. பிறகு அதே நாடாளுமன்றம் செத்த ராஜாவின் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தது. ராஜாவைக் கொன்ற நாளில் நாடே விரதம் இருக்கவேண்டும் என்று சட்டமும் போட்டது. ஆட்கள் வேறு, கட்டடம் மட்டும் அதேதான் என்கிறார்கள். இருக்கட்டும். எங்கள் ஊரில் ராஜா பக்கம் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்குக் கோயிலில் முன்வரிசை கிடைத்தது. டோவியம்மா துரோகியைப் பெற்றவள் என்று கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டாள். கோலேந்தி ஊரை ஆண்டவள், கதவோரக் குளிரில் உட்கார்ந்தாள்.

முதல் விரத நாளில், புதிதாக வந்த பாதிரியார், இந்த ஊரில் ராஜாவுக்காக உயிர்விட்டவர்கள் இருந்தால் பெயர் சொல்லுங்கள், எல்லார் முன்னும் படிக்கிறேன் என்றார். கடைசி வரிசையில் டோவியம்மா எழுந்தாள்.

"ஜெர்வஸ் டோவி."

மாவு மில்காரன் சிரித்தான். "அவன் கலகக்காரன் ஐயா. ராஜாவையே எதிர்த்தவன்."

அவள் நடுவழியே நடந்து வந்து கடிதத்தை நீட்டினாள். மாவு படிந்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. பாதிரியார் படித்தார். அவர் முகம் சுருங்கியது.

"அம்மா, இது அந்தப் பக்கத்துக் கடிதம்."

"ராஜா பேரு இருக்கா, இல்லையா ஐயா?"

"இருக்கு... ஆனா..."

"முதல்ல இருக்கா, ரெண்டாவதா இருக்கா?"

"முதல்லதான் இருக்கு."

அவர் திணறிப்போய், விவரம் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.  எழுந்து நின்றேன்.

"அவன் ராஜாவுக்காகத்தான் போனான் ஐயா. நான் சாட்சி."

அது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ராஜபக்தன் நானே சொன்ன பிறகு யார் மறுப்பது? பாதிரியார் ஜெர்வஸ் டோவி என்று உரக்கப் படித்தார். மில்காரன்கூடத் தலையைக் குனிந்தான்.

வெளியே சேற்றில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்வாள் என்றுதான் நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே குழம்பிய முகத்தோடு கேட்டாள்.

"அவன் போனது ராஜாவுக்குன்னா, அன்னைக்கு நீ போனது யாருக்குடா?"

என்னிடம் பதில் இருந்தது. பத்தொன்பது வருடமாக இருந்தது. கள்ளுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.