கார்ப்பெட்டில் ஆடுபவர்களும் புல்லில் ஆடியவர்களும்

ஆக்லாந்தில் நான் ஒழுங்காகப் பார்த்த ஒரே வேலை, சனிக்கிழமை பிற்பகல்களில் ஹாக்கி மைதானத்துப் பலகை இருக்கையில் அமர்ந்து இரண்டு பேரின் சண்டைக்குத் தலைமை தாங்கியது. சம்பளம் கிடையாது. கொழும்பில் சம்பளத்தோடு பார்த்த உத்தியோகத்தில் இதைவிட அதிகமாக எதையும் சாதித்ததாக நினைவில்லை. அங்கே எந்தக் கோப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று எனக்கு மட்டும் தெரியும். அதனால் எல்லாக் கோப்பும் என் மேசைக்கே வரும். ஓய்வுபெற்று மகள் குடும்பத்தோடு ஹில்ஸ்பரோவுக்கு வந்த பிறகு என்னிடம் வந்த கோப்புகள் இந்த இருவரும்தான்.

ஒருவர் கோவில்பட்டிக்காரர். இளமையில் ரயில்வே அணிக்கு ஆடியவர். மகன் ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை. மற்றவர் மலேசியாவிலிருந்து வந்த ஈப்போக்காரர். அங்கே தபால் இலாகா அணியில் ஆடியவர், இங்கே மனுகாவில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். இருவருக்கும் பொதுவானது ஹாக்கி மட்டும். அதிலும் ஒருவருடைய ஹாக்கியை மற்றவர் ஹாக்கி என்று ஒப்புக்கொள்வதில்லை.

ரக்பிக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடத் தொடங்கிய புதிது. டெயரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடையில் பால் வாங்கப் போனாலும் எந்தப் பையனுக்கு எவ்வளவு என்றுதான் பேச்சு. அது ஹாக்கிக்கும் தொற்றியது. இந்தியாவிலும் மலேசியாவிலும் மீசை அரும்பாத பையன்களை ஐரோப்பியக் கிளப்புகள் ஒப்பந்தம் போட்டு அழைத்துக்கொண்டிருந்தன.

"நாட்டுக்கு ஆடுதவனுக்கு எதுக்கு வே காண்ட்ராக்டு?" என்பார் கோவில்பட்டிக்காரர். "நாங்க ஆடுனப்ப மேட்ச் முடிஞ்சா ஆளுக்கு ஒரு ஆரஞ்சுச் சுளை. அதுல பாதி கொட்டை."

"அதான் அண்ணாச்சி, உங்க டீமும் அந்த ஆரஞ்சு மாதிரியே இருந்துச்சு" என்பார் ஈப்போக்காரர். "காலு நல்லா இருக்கப்ப நாலு காசு பாக்கட்டும்லா. காலு போனப்புறம் நீங்க வந்து சோறு போடுவீங்களா?"

இதற்குப் பிறகு எல்லாக் காலத்துக்கும் உரிய பதினொருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வாரா வாரம் அணி மாறும். நான் ஒரு விதி கொண்டுவந்தேன்: தன் கண்ணால் பார்த்த ஆட்டக்காரரை மட்டுமே முன்மொழியலாம். கோவில்பட்டிக்காரர் அதை உடனே மீறினார். தகப்பனார் பார்த்ததைப் பரம்பரைச் சொத்தாகக் கொள்ளலாம் என்பது அவர் வாதம். அந்த வழியில் வந்து அணியில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டவர் அவருடைய ஊர்க்காரரான, முன்வரிசையில் வலப்பக்கம் ஆடிய ஓர் இன்சைட் ரைட். "பந்து தரையில படாது வே. மட்டையிலயே தட்டித் தட்டி, காத்துலயே கொண்டு போவாரு. மேடென்ன, பள்ளமென்ன?"

"கதை விடாதீங்க அண்ணாச்சி. அந்தக் கட்டை மட்டையில எவனாலயும் முடியாது."

"ஒனக்கு முடியாதுன்னு சொல்லு."

இந்தச் சண்டை நடக்கும்போது எங்களுக்கு எதிரே பச்சைச் செயற்கைத் தரையில் ஓடிக்கொண்டிருந்தவள் ஈப்போக்காரரின் மகள். வயது இருபத்தொன்று. அவளும் இன்சைட் ரைட்தான். அவளைப் பார்க்கத்தான் மூவரும் வருவோம். ஆனால் பதினொருவர் பட்டியலில் அவள் பெயர் எழுந்ததே இல்லை. எழலாம் என்று எனக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கிளப் ஒப்பந்தம் அனுப்பியது. ஈப்போக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பிறகு என்னையும் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். சமையலறை மேசையில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்து விளக்கினேன். தங்க ஓர் அறை, ஓட்ட ஒரு சைக்கிள், பாதி நாள் வேலை என்ற இடம் வந்ததும் குடும்பம் முழுவதும் மகிழ்ச்சியில் எழுந்து தேநீர் போடப் போய்விட்டது. ஒன்பதாம் பிரிவை நான் கெட்டிலுக்குத்தான் வாசித்துக் காட்டினேன்.

பிரச்சினை அடுத்த சனிக்கிழமை வந்தது. அவளுடைய அணி வென்று, அவள் வியர்வையோடு எங்கள் இருக்கைக்கு வந்தாள். கோவில்பட்டிக்காரர் அவளை ஆசீர்வதிக்கத்தான் வாயைத் திறந்தார்.

"நல்லா ஆடுதே பாப்பா. ஆனா இதெல்லாம் கார்ப்பெட்டு. பந்து சொன்ன பேச்சு கேக்கும். புல்லுல எறங்குனா தெரியும் சங்கதி."

"எனி டைம், அங்கிள்" என்றாள்.

"ஏ மகளு புல்லுல ஆடுவா" என்றார் தகப்பன். "உங்க கெழட்டு டீம கொண்டாங்க."

அப்படித்தான் அந்த ஆட்டம் தீர்மானமானது: ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு பக்கம், முப்பதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மறுபக்கம். மனுகாவில் ஒரு பூங்காப் புல்வெளி. நகரசபையில் இடம் பதிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. செய்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, அவள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலைத் திறந்து ஒன்பதாம் பிரிவை மீண்டும் வாசித்தேன்.

தெளிவான பிரிவு. அவள் தன் உள்ளூர்க் கிளப்புக்கு ஆடலாம். அதைத் தவிர வேறெந்த ஆட்டத்திலும், கிளப்பின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல், ஆட்டக்காரராகப் பங்குபற்றக் கூடாது. பங்குபற்றினால் ஒப்பந்தம் செல்லாது. புல்வெளியோ குளிர்காலம் முழுவதும் ரக்பி ஆடப்பட்டு, சப்பாத்து ஆணிகள் தோண்டிய குழிகளோடு கிடந்தது. அங்கே கால் பிசகினாலும் போச்சு, பிசகாமல் ஆடினாலும் போச்சு.

ஈப்போக்காரரிடம் சொன்னேன்.

"யாருக்குத் தெரியப் போவுது சார்? நம்ம பத்து இருவது பேரு."

"உங்கட பத்து இருபது பேரில எத்தனை பேருக்கு ஜெர்மனியில சொந்தக்காரர் இருக்கினம் எண்டு எண்ணிப் பாருங்கோ" என்றேன். ஆட வருபவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தார்; யாழ்ப்பாணத்தார் இல்லாத நகரம் ஜெர்மனியில் எது? அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, ஒரு கை போதாமல் மறு கைக்குப் போனார்.

முறைப்படி சம்மதம் கேட்டு ஒரு ஃபாக்ஸ் எழுதினேன். ஈப்போக்காரரின் மகள் வாசித்தாள். ஆட்டத்தின் நோக்கம் என்ற இடத்தில் நான் "மூத்தோர் இருவரின் கருத்து வேறுபாட்டைத் தீர்த்தல்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது.

"அங்கிள், ப்ளீஸ். இத அனுப்புனா அவங்க என்னை வரவே வேணாம்னு சொல்லிருவாங்க."

"அப்ப விளையாடாதையுங்கோ பிள்ளை."

"விளையாடலன்னா பயந்துட்டேன்னு சொல்வாரு. லைஃப் லாங் சொல்வாரு."

அதுவும் உண்மைதான். கோவில்பட்டிக்காரர் மறந்துவிடும் ஆள் இல்லை; அவர் அப்பாவும் மறந்ததில்லை.

அந்த வாரம் முழுவதும் மழை பெய்யட்டும், நகரசபை மைதானத்தை மூடட்டும் என்று காத்திருந்தேன். ஆக்லாந்து வானம், நனைய வேண்டாதவனை நனைப்பதில் காட்டும் அக்கறையில் ஒரு துளியும் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மூன்றாம் முறையாக ஒன்பதாம் பிரிவை வாசித்தபோதுதான் "ஆட்டக்காரராக" என்ற சொல் கண்ணில் நின்றது. நடுவர் ஆட்டக்காரர் அல்லர். விசில் ஊதுவதை எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை.

போய் அவளிடம் சொன்னேன். "உங்களுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்குது, இல்ல?" என்றாள். மறுக்கவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை அவள் கழுத்தில் விசில் தொங்கியது. இளைஞர் அணியில் ஓர் இடம் காலி. அதை நிரப்பியவர் அவளுடைய தகப்பன். ஐம்பதைத் தாண்டியவர் இளைஞர் அணிக்கு ஆடினார்.

"இதான் ஒங்க புது ரத்தமா வே?" என்றார் கோவில்பட்டிக்காரர்.

"அண்ணாச்சி, மூச்ச சேத்து வைங்க. ஓடுறப்ப தேவப்படும்."

பந்து ஓடவில்லை. குழிக்குக் குழி நின்று யோசித்தது. பந்து காலில் படும்போதெல்லாம் அவள் ஊதினாள். எல்லாருக்கும் பட்டுக்கொண்டே இருந்தது. ஒருமுறை இளைஞன் ஒருவன் கோல் வாயிலில் தனியாக நின்று பந்தைத் தட்டிவிட்டான். கோவில்பட்டிக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆஃப்சைட்! ஆஃப்சைட்! ஏ பாப்பா, கண்ணு எங்க இருக்கு?"

"அங்கிள், ஆஃப்சைட் ரூலையே எடுத்துட்டாங்க."

"யாரக் கேட்டு எடுத்தாங்க?"

அவருக்குப் பின்னால் அவருடைய முழு அணியும் நின்று அதே கேள்வியைக் கேட்டது. கோட்டுக்கு வெளியே நின்ற நான், விதி மாறியது உண்மை என்று உறுதிப்படுத்தினேன். இதுவரை நான் உறுதிப்படுத்திய எதையும் மறுக்காதவர் அன்று என்னை ஒரு கூலிச் சாட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. வலது பக்கம் ஒரு பந்து வந்தது. மகள் ஆடியிருந்தால் அவள் ஓடிப் போயிருக்கக்கூடிய பந்து. அந்த இடத்தில் தகப்பன் ஓடினார், ஒரு காலத்தில் எப்படி ஓடியிருப்பார் என்று ஊகிக்க முடிகிற அளவுக்கு. திடீரென்று ஆள் தரையில் கிடந்தார்.

"நடிப்பு! நேரத்தக் கடத்துதான்!" என்று கத்தினார் கோவில்பட்டிக்காரர்.

மகள் ஊதி நேரத்தை நிறுத்தினாள். பையிலிருந்து எச்சரிக்கைக்கான பச்சை அட்டையை எடுத்துக்கொண்டே வந்தாள். "அப்பா, எழுந்திரிங்க. ஐ மீன் இட்." அவர் எழவில்லை. வலது பாதம் ஒரு குழிக்குள் போய், போக வேண்டிய திசையில் இல்லாமல் இருந்தது. அட்டை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவள் மண்டியிட்டுச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தாள்.

அவர் அந்தக் குழியைப் பார்த்தார். பிறகு அவளுடைய கால்களைப் பார்த்தார். "நல்ல வேளைலா" என்றார்.  என்னைத் தேடி ஒரு தலையசைப்பு வந்தது. ஒன்பதாம் பிரிவுக்கு அவர் தந்த ஒப்புதல் அது.

கோவில்பட்டிக்காரர்தான் முதலில் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவர் தலைக்கு மடித்து வைத்தார். நாலு பேர் தூக்கிக் காருக்குக் கொண்டுபோனார்கள். மகளும் கூடவே போகப் பார்த்தாள். "மேட்ச முடிச்சிட்டு வாம்மா" என்றார் தகப்பன் காருக்குள்ளிருந்து. "நாம ஒரு கோலு முன்னால இருக்கோம்."

அவள் திரும்பி வந்தாள். பந்து தகப்பன் விழுந்த இடத்தில் கிடந்தது. ஆட்டம் மைதானத்தின் நடுவிலிருந்து தொடர வேண்டும். யாரையாவது எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். அவள் குனிந்து தகப்பனின் மட்டையை எடுத்தாள். பந்தை ஒரு சுண்டு சுண்டினாள். அது எழும்பி மட்டையின் மேல் நின்றது, மறுபடி எழும்பியது. அப்படியே நடந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கையை விட்டபோதும் பந்து மட்டையின் மேல் துள்ளிக்கொண்டே இருந்தது. சேறும் குழியும் அவளுக்குக் கீழே கிடந்தன. நடுப்புள்ளிக்கு வந்ததும் பந்தை மெல்ல இறக்கி வைத்துவிட்டு விசிலை வாயில் வைத்தாள்.

நேரம் நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே அது ஆட்டம் அல்ல. ஒன்பதாம் பிரிவு மீறப்படவில்லை என்று எந்த மன்றத்திலும் சொல்வேன்.

கோவில்பட்டிக்காரர் மட்டையை ஊன்றியபடி நின்றிருந்தார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "நான் சொன்னேம்லா? முடியும்னு சொன்னேம்லா?"

ஈப்போக்காரருக்குக் கணுக்கால் எலும்பில் முறிவு. இந்த நாட்டில் விழுந்தவனை ஏன் விழுந்தாய் என்று கேட்காமல் மருத்துவம் பார்ப்பார்கள். அதற்கான படிவத்தை நிரப்பிய மாலை எனக்கு இனிதாகவே கழிந்தது.

மகள் புறப்பட்ட நாளில் விமான நிலையத்தில் அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். தள்ளியவர் கோவில்பட்டிக்காரர். அவள் பெட்டியை நிறுக்கப் போயிருந்தாள்.

"வே, ஒரு விசயம்" என்றார் கோவில்பட்டிக்காரர் நாற்காலியின் பின்னாலிருந்து. "எங்க காலத்து டீம்ல… சரி, பெஞ்சுல ஒக்கார வைக்கலாம் பாப்பாவ."

ஈப்போக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கட காலத்து அணியோ?"

"ஆமாய்யா."

"உங்கட காலத்தில பெஞ்ச் எண்ட ஏற்பாடே இல்லையே. பதினொரு பேர். ஒராளுக்குக் கால் முறிஞ்சால் மிச்சம் பத்துப் பேர். மாற்று ஆள் இறக்க விதியில இடமில்லை."

அவர் நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்தினார். 

"அப்ப லெவன்லதான் போடணும்."

"ஓம்."

"யாரத் தூக்குதது?"

அதற்குள் அவள் வந்துவிட்டாள். "என்ன சண்டை?"

"ஒன்னுமில்லம்மா" என்றார் தகப்பன். "டீம் செலெக்‌ஷன்."

அவள் மூவரையும் கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே போனாள். கார் ஹில்ஸ்பரோ வந்து சேரும்போது, கோவில்பட்டிக்காரருக்குத் தகப்பனார் வழிச் சொத்தாக வந்து, எந்த வாரமும் அசைக்க முடியாமல் இருந்த அந்த இன்சைட் ரைட் அணியிலிருந்து வெளியேறியிருந்தார். அவருக்கும் பெஞ்ச் இல்லை.