இறங்காத டிகாஷன்

காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு ஃபில்டரின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். சொட்டும் சத்தம் இல்லை.

நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. அது புது ஃபில்டர். எத்தனை நிமிடத்தில் டிகாஷன் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள, கொதிநீர் ஊற்றிய நேரத்தை அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தேன்: 6.12. பள்ளிக்கூட வேலையின் பழக்கம் அது. இருபத்தெட்டு நிமிடத்தில் கீழ்ப்பாத்திரம் பாதியாவது நிறைந்திருக்க வேண்டும். விரலால் தட்டிப் பார்த்தேன். காலிப் பாத்திரத்தின் சத்தம்தான் வந்தது. வெளியே தெருவில் பதினாறு பேர் எங்கள் வீட்டுக் காபிக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

ஏழெட்டு வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் அடுப்படியில் ஏதாவது பாத்திரம் உருண்டால் நான் இருக்கும் இடத்திலேயே உறைந்துவிடுகிறேன்.

பதினாறு பேர் ஏன் நின்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதிக்கு மேல் தறி வீடுகள். என் கணவரும் பட்டு நெய்கிறவர். நான் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. புடவையின் நீளவாட்டு இழைகளான பாவு தறிக்கு ஏறும் முன் அதைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயில் உறைப்பதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் முடிகிற வேலை இல்லை. அக்கம்பக்கத்தார் வந்து பிடிப்பார்கள். கூலி கிடையாது. யார் வீட்டுப் பாவோ அந்த வீட்டுக் காபி. இதுதான் வழக்கம். வேலையை மறந்தாலும் அந்தக் காபியை யாரும் மறப்பதில்லை.

எங்கள் வீட்டில் இருந்தது கல்யாணத்துக்கு வந்த சின்னப் பித்தளை ஃபில்டர். நாலு டம்ளருக்கு மேல் தாங்காது. பாவு நாளில் நாலு தடவை போட வேண்டும். கடைசியில் வருகிறவர்களுக்கு ஒரே பொடியில் மூன்றாம் தண்ணீர். எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு முறை டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, உங்கூட்டு காபி சோக்கா இருக்குதுமா. அடியில என் மூஞ்சி தெரியுது. வூட்டுல கண்ணாடியே வேணாம்."

தெருவே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அன்றைக்குத் தீர்மானித்தேன், பெரிய ஃபில்டர் வாங்குவதென்று.

தீர்மானித்த பிறகுதான் ஃபில்டர் என்கிற சாமானை ஒழுங்காகப் பார்க்கவே ஆரம்பித்தேன். ஓட்டை போட்ட பாத்திரம் ஒன்று, ஓட்டை இல்லாத பாத்திரம் ஒன்று, நடுவில் பொடியை அமுக்க ஒரு சின்னக் குடை, மேலே மூடி. இவ்வளவுதான். அப்படியிருந்தும் ஒரே கடைப் பொடி, ஒரே குழாய்த் தண்ணீர், இரண்டு வீட்டில் இரண்டு காபி ஆவது எப்படி? நான் பிறந்த வீட்டில் பொடியைக் கொதிக்கவிட்டுத் துணியில் வடிப்பார்கள். அதில் வாசனை முதலில் வந்து வாயில் கசப்பு தங்கும். பித்தளையில் போட்டது அப்படி இல்லை. காரணம் உலோகமா, ஓட்டையா, நேரமா? தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய் அடுப்படியில் நின்று விசாரித்தேன். ஒருத்தி ஓட்டைகளை மாதம் ஒரு முறை நெருப்பில் வாட்டுவாள். இன்னொருத்தி பொடியை அமுக்கவே கூடாது என்பாள். எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிடத் தறிதான் கணக்கு. அவர் இரண்டு விரற்கடை நெய்வதற்குள் முதல் டிகாஷன் இறங்கிவிடும்.

பித்தளையில் இன்னொரு தொல்லை இருந்தது. ஈயம் தேய்ந்துபோனால் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவர் எப்போது தெருவுக்கு வருவார் என்று காத்துக்கொண்டிருக்க வேண்டும். எவர்சில்வருக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் எவர்சில்வர்.

தேரடிக்குப் பக்கத்தில் இருந்த பாத்திரக் கடைக்கு மூன்று பேரும் போனோம். நான், அவர், எங்கள் ஒரே மகள். அவளுக்கு அப்போது பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. கடைக்காரர் எடுத்துவைத்த ஃபில்டரைக் கண்ணில் வைத்து விளக்கைப் பார்த்தாள்.

"மா, ஓட்டையெல்லாம் ஒரே அளவா இருக்குதுமா. நம்முளுது ஊசி வெச்சிக் குத்திக் குத்தி கண்ணாபின்னான்னு ஆயிடுச்சி."

"பாப்பா எப்படிப் பாக்குது பாருங்க!" என்றார் கடைக்காரர். மேல்பாத்திரத்தைக் கீழ்ப்பாத்திரத்தில் உட்காரவைத்து ஒரு திருகு திருகினார். "இன்னா டைட்டு பாருங்கம்மா. காத்துகூட வெளிய போவாது."

"ஏம்பா, காபி போடுறதுக்கா, காத்தை அடைச்சி வெக்கிறதுக்கா?" என்று கேட்டார் என் கணவர்.

அதற்கும் எல்லோரும் சிரித்தோம். பழைய ஜரிகை வாங்குகிறவரிடம் என் புடவை ஒன்றைப் போட்டுத்தான் அந்த ஃபில்டரை வாங்கினேன். "நான் நெய்யிறதெல்லாம் கடைசில உங்கம்மா காபியாத்தான் ஊத்துவா" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். இருபது பேருக்குப் போதுமான பாத்திரம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். மகள் சொன்னாள், "நாளைக்கே நமக்கு மட்டும் போட்டுப் பாக்கலாம்மா" என்று. நான்தான் வேண்டாம் என்றேன். இதன் முதல் காபி பாவு நாளில், தெருவுக்கு முன்னால்தான் என்று ஒரு வீம்பு.

அந்த நாளுக்குத்தான் வருகிறேன். டிகாஷன் இறங்கவில்லை என்றதும் மூடியைத் திறந்து பார்த்தேன். ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே நின்றது. பொடியை அதிகமாக அரைத்துவிட்டார்களா, நான் அதிகமாக அமுக்கிவிட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து எதிர்வீட்டுப் பெரியவர் குரல் கொடுத்தார்.

"டீச்சரம்மா, இந்தப் பக்கம் இழுக்க ஆள் பத்தல. வாங்க சீக்கிரம்!"

மகளிடம் சொன்னேன்: "சொட்டு விழுதான்னு பாரு. விழலன்னா கொஞ்சம் தட்டி வுடு."

இதைத்தான் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. "சூடு, ஜாக்கிரதை" என்றுகூடச் சொல்லவில்லை.

பாவின் ஒரு முனையைத் தெருவில் அடித்த முளையில் கட்டியிருந்தார்கள். மறுமுனையைச் சுற்றிய கட்டையை ஒரு பக்கம் பெரியவரும் ஒரு பக்கம் நானும் பிடித்து இழுத்து நின்றோம். நடுவில் என் கணவரும் மற்றவர்களும் குனிந்து இழை பிணைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று புடவைக்கான பட்டு. கை தளர்ந்தால் ஆயிரக்கணக்கான இழைகள் தொய்ந்து ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளும். அப்புறம் பிரிக்க முடியாது.

வீட்டுக்குள்ளிருந்து அலறல் கேட்டது. அதில் சொல் எதுவும் இல்லை. பாத்திரம் தரையில் உருண்டு சுவரில் மோதியது.

நான் கட்டையை விடவில்லை.

யோசித்து, முடிவெடுத்து, விடாமல் நின்றேன் என்று சொன்னால் அது பொய். கைகள் தாமாகவே இறுகின. "யாராவது போங்களேன், யாராவது போங்களேன்" என்று கத்தினேன். பெரியவர் என் பக்கம் திரும்பி, "வுட்டுடாதே தாயே, வுட்டுடாதே" என்றார். என் கணவர் பாவுக்கு அடியில் புகுந்து எழுந்து வீட்டுக்குள் ஓடினார். பக்கத்து வீட்டுக்காரி தன் இடத்திலிருந்து மெல்ல நகர்ந்து வந்து என் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்ட பிறகுதான் என்னால் ஓட முடிந்தது. அது ஒரு நிமிடமாக இருக்கலாம், அரை நிமிடமாகவும் இருக்கலாம். டிகாஷன் இறங்கும் நேரத்தைச் சுவரில் எழுதிய எனக்கு இது மட்டும் தெரியவில்லை.

மகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கை வாளிக்குள் இருந்தது. தட்டியும் இறங்காததால், ஃபில்டரைத் தரையில் வைத்து, கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு மேல்பாத்திரத்தைத் திருகியிருக்கிறாள். வராமல் வராமல் இருந்து சட்டென்று கழன்று, கொதித்த தண்ணீரும் பொடியும் கையில் கவிழ்ந்துவிட்டது. புறங்கையும் மூன்று விரல்களும் சிவந்து பொங்கியிருந்தன. அவற்றின்மேல் காபிப்பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

மை ஊற்று என்றார் ஒருவர். பாவுக்கு வைத்திருந்த கஞ்சியை எடுத்துக்கொண்டு வந்தார் இன்னொருவர். என் கணவர் யாரையும் தொடவிடவில்லை. துண்டை நனைத்துக் கையில் சுற்றினார். தெருமுனையில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு வந்தார்கள். நானும் ஏறப் போனேன்.

"நீ இருமே" என்றார். "பாவு நடுத்தெருவுல கெடக்குது. வெயில் ஏறிக்கினு இருக்குது. நான் பாத்துக்கிறேன்."

நான் நின்றுவிட்டேன். வேறு தெருவில் பிறந்த ஒருத்தி இதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த நேரத்தில் அது சரியாகவே பட்டது. தப்பாகப் படத் தொடங்கியது பாவைச் சுருட்டி முடித்த பிறகுதான்.

எட்டரைக்கு எல்லாம் முடிந்தது. பழைய பித்தளை ஃபில்டரிலேயே நாலு தடவை போட்டுப் பதினாறு பேருக்கும் கொடுத்தேன். பெரியவர் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டுக்காரி வழிமறித்தாள். "ரெண்டு வழி இருக்குதுக்கா. நீ ஒண்ணுல போவ, அவங்க ஒண்ணுல வருவாங்க. வூடு பூட்டிக் கெடக்கும். கையில கட்டோட அது வெளிய நிக்கணுமா?"

வீட்டுக்குள் வந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. விரல் மடங்காமல் போய்விட்டால்? அவள் வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. மாலையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை இழை ஓடும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பதும் அதே கைதான். அதைவிட இன்னொரு பயம். வாசலில் வந்து இறங்கியதும் "நீ ஏம்மா ஓடியாரல?" என்று கேட்டால்? பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அப்போது அந்த ஃபில்டர் கண்ணில் பட்டது. சுவரோரத்தில், ஒரு நசுங்கல்கூட இல்லாமல், பளபளவென்று கிடந்தது. எடுத்துக் கழுவினேன். ஏன் இறங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்போல இருந்தது.

அதே பொடியைப் பித்தளையில் போட்டேன். இறங்கியது. அப்படியானால் பொடி காரணம் இல்லை. எவர்சில்வரில் பொடியே போடாமல் வெறும் வெந்நீர் ஊற்றினேன். நாலைந்து சொட்டு விழுந்து நின்றுவிட்டது. பொடியே இல்லாதபோது தண்ணீர் எதற்கு நிற்க வேண்டும்? ஓட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் திறந்துதான் இருந்தன. அடுப்பெதிரே ஃபில்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குது, நீ ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறே?"

"கை சும்மா இருந்தா பைத்தியம் புடிக்குதுடி" என்றேன்.

அவள் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பித்தளையின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. மகள் தவழ்ந்த வயதில் இழுத்துத் தள்ளியது. மேல்பாத்திரம் உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் ஒரு கீற்று இடைவெளி இருக்கும். யாராவது வந்தால் நசுங்கலைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பேன். புதியதில் அப்படி எதுவும் இல்லை. வட்டத்துக்குள் வட்டம் கச்சிதமாக உட்கார்ந்தது.

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை ஒடித்தேன். புதியதின் இரண்டு பாத்திரத்துக்கும் நடுவில் விளிம்பில் செருகி, மறுபடியும் வெந்நீர் ஊற்றினேன். ஈர்க்குச்சியின் பக்கத்தில் நுரை கட்டியது. கீழே சடசடவென்று தண்ணீர் விழத் தொடங்கியது. கீழ்ப்பாத்திரத்தில் இருந்த காற்றுக்கு வெளியே போக வழியில்லை. சூட்டில் அது விரிந்து மேலே இருந்த தண்ணீரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் பெருமையாகச் சொன்னதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காற்றுக்கும் இடம் வேண்டும் என்று வருடா வருடம் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுகிறவள் நான்.

கண்டுபிடித்ததில் ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் அதை நினைத்துக் கூசினேன். ஒரு ஈர்க்குச்சி போதுமாக இருந்திருக்கிறது.

பதினொன்றே காலுக்கு வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டது. முதலில் என் கணவர் இறங்கினார். என் முகத்தைப் பார்த்ததும், நான் கேட்பதற்கு முன்பே, "மேல்தோலுதான் போயிருக்குதாம். விரல் மடங்குது, டாக்டர் மடக்கிப் பாத்தாரு. ஒரு மாசம் கட்டு இருக்கணும்" என்றார். பிறகு கையைக் கொடுத்து மகளை இறக்கினார். முழங்கை வரை வெள்ளைக் கட்டு. அவள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். முளை மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. நேராக என்னிடம் வந்தாள்.

"நான் கத்துனதும் நீ பாவை வுட்டுட்டு ஓடியாந்துடுவியோன்னு பயந்துட்டேன்மா" என்றாள். "அதான் அப்பால கத்தவே இல்ல."