அஞ்சலி போர்டுக்குக் கல்யாண எழுத்து

இன்று கொழிஞ்சாம்பாறையில் ஒரு பிளக்ஸ் கடையில் லேமினேஷனுக்காகக் காத்திருந்தேன்.

எனக்கு முன்னால் வந்திருந்தவர் ஒரு தென்னை விவசாயி. அவருடைய அப்பா காலையில் இறந்துவிட்டார். உறவினர்கள் வருவதற்குள் ஜங்ஷனில் அஞ்சலி போர்டு வைத்தாக வேண்டும்.

டிசைன் செய்யும் பெண் திரையில் எழுத்துகளைக் காட்டிக்கொண்டே வந்தாள். ஒன்றில் அவர் நிறுத்தச் சொன்னார். நல்ல தடித்த எழுத்து. ஒவ்வொரு கோடும் நடுவில் சற்று ஒடுங்கி, முனையில் தென்னையின் அடிமரம் போல விரிகிறது.

"அது கல்யாணத்துக்குப் போடறதுங்ணா. இல்லீன்னா நகைக்கடைக்கு. சாவுக்கு எல்லாரும் மெல்லிசாத்தான் போடுவாங்க."

"எங்கப்பன் படுத்த படுக்கையாக் கெடந்து வெறும் எலும்பாப் போயிட்டாருங்க அம்மிணி. வர்றவங்க அதைத்தான் பாக்கப் போறாங்க. பேராவது பழைய மாதிரி இருக்கட்டும்."

பெயரை அந்த எழுத்திலேயே அடித்து, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். இடம் போதாமல் 'கண்ணீர் அஞ்சலி' கீழ் மூலையில் பொடியாக ஒதுங்கியது.

மாலையில் பொள்ளாச்சி பஸ்ஸில் அந்த ஜங்ஷனைக் கடந்தேன். போர்டு வைத்திருந்தார்கள். முகத்துக்கு முன்பே பெயர்தான் கண்ணில் பட்டது.

பக்கத்து சீட்டுக்காரரும் பார்த்தார். "எந்த வார்டுல நிக்கறாருங்க?"

இன்று காலை இறந்துவிட்டார் என்றேன்.

அவர் கழுத்தைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தார்.

"நின்னிருந்தா ஜெயிச்சிருப்பாருங்க."

எனக்கு எந்த எழுத்து என்று என் வீட்டில் இதுவரை பேச்சு வந்ததில்லை. உங்கள் வீட்டில் முடிவாகிவிட்டதா?