காலித் தொட்டிலும் என் வீட்டுக்காரரும்

எங்கள் வீட்டுக் கிருஷ்ணனைக் காணவில்லை.

டி.வி.க்குப் பக்கத்துத் தட்டில் வருஷம் முழுக்க இருப்பான். கையில் வெண்ணெய் உருண்டை, தவழும் கோலம், உயரம் ஒரு சாண்கூட வராது. மற்ற கொலு பொம்மைகள் எல்லாம் பரணுக்குப் போனாலும், இவனை மட்டும் அங்கே ஏற்ற விட்டதில்லை என் வீட்டுக்காரர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு காலையில் தூசி தட்டப் போனால் — தட்டு காலி.

"ஏங்க, கிருஷ்ணன் எங்க?"

"கீழ இருக்கான்," என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கீழன்னா?"

"ஸ்டெல்லா வீட்டுக் குடில்ல."

எனக்குப் பகீர் என்றது.

ஸ்டெல்லாவும் ஆரோக்கியராஜும் எங்கள் அயனம்பாக்கம் அபார்ட்மென்ட்டின் முதல் மாடிக்காரர்கள். ஆரோக்கியராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாய் ஒரு லேத் பட்டறை. ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிங் ஓரத்தில் அவர் கட்டும் கிறிஸ்துமஸ் குடிலைப் பார்க்கப் பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். நட்டும் போல்ட்டும் சேர்த்து வெல்டு வைத்த ஆடுகள். பழைய ஸ்பிரிங்கில் கழுத்து ஆடும் ஓர் ஒட்டகம். வைக்கோலுக்குப் பதில், லேத்தில் பித்தளையைக் கடையும்போது உதிரும் சுருள்கள். காலை வெயில் கேட் வழியாக உள்ளே வந்து அந்தச் சுருள்கள் மேல் விழும் பாருங்கள்... லாகின் நேரத்துக்கு ஓடுகிற ஐ.டி.காரர்கள்கூட ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள்.

இந்த வருஷம் குடில் இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர்கள் மகள் அனிதாவுக்குப் பிப்ரவரியில் பிரசவம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. வேலப்பன்சாவடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். தானாக மூச்சுவிட வரவில்லை. "இப்போதைக்கு எதுவும் சொல்றதுக்கில்லை" என்றுவிட்டார் டாக்டர். அந்த வாக்கியத்தைக் காதால் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், அதற்குப் பிறகு ஒரு வாய் சோறு இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று.

ஆனாலும் குடில் எழும்பியது. ஒரு சாயங்காலம் ஆரோக்கியராஜ் தரையில் உட்கார்ந்து ஒட்டகத்துக்குக் கால் வைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்குங்க? கொஞ்சம் படுத்து எழுந்திருக்கலாம்ல?" என்றேன்.

"ஆஸ்பத்திரில உள்ள உட மாட்றாங்கக்கா. வராண்டாலயே குந்திகினு கெடக்கணும். சும்மா குந்தினா கண்டதெல்லாம் நெனப்பு வருது. இங்க வந்து கைல எதுனா எடுத்துட்டா மனசு அடங்குது." ஒட்டகத்தின் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஜெபம் பண்ணலாம்னு குந்தினா அழுகதான் வருது. அதான், இதயே பண்றேன்" என்றார்.

காலடியில் உருண்டு கிடந்த நட்டு ஒன்றை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு மாடியேறி வந்துவிட்டேன்.

உங்களுக்குத்தான் தெரியுமே... குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால், வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்கிற ரகம் நான். கதை எழுதுகிறவள் என்பதால், கற்பனை, படைப்பு என்றெல்லாம் மேடையில் கேட்டால் நீட்டி முழக்குவேன். அதற்கு நிம்மதி வேண்டும், தனிமை வேண்டும், நல்ல காபி வேண்டும் என்று கண்டிஷன் எல்லாம் போடுவேன். இங்கே ஒரு மனுஷர், வயிறு முழுக்கப் பயத்தை வைத்துக்கொண்டு, நட்டு போல்ட்டில் ஆட்டுக்குட்டி செய்கிறார். அந்த ஆட்டுக்குட்டி தாயை அண்ணாந்து பார்க்கிறது! அது எங்கிருந்து வந்தது? நிஜமாகவே எனக்கு விளங்கவில்லை. பிரமித்துப் போனேன் என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை.

சரி, நம் கிருஷ்ணன் கதைக்கு வருவோம்.

குடிலில் எல்லோரும் வந்தாயிற்று. மரியாள், சூசையப்பர், இடையர்கள். நடுவில் சின்னத் தொட்டில் மட்டும் காலி. என் வீட்டுக்காரர் அதைத் தினமும் பார்த்திருக்கிறார். பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. காலித் தொட்டில் குழந்தைக்கு ஆகாது, அதை ஆட்டக்கூட விடமாட்டார்கள் நம் வீடுகளில். அதுவும் ஒரு பச்சைக் குழந்தை உயிருக்குப் போராடும்போது! பாவம், அலைச்சலில் பொம்மையை வைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவராக முடிவுகட்டி, ஆள் இல்லாத நேரம் பார்த்து நம்மவனைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார்.

"ஐயோ, கிறிஸ்துமஸ் அன்னைக்குத்தாங்க குழந்தை ஏசுவை வைப்பாங்க! பிறக்கிற வரைக்கும் தொட்டில் காலியாத்தான் இருக்கணும். இத்தனை வருஷம் பார்த்திருக்கீங்களே!"

"நான் கிறிஸ்துமஸ் அன்னைக்கு மட்டும்தானே கிட்ட போய்ப் பார்ப்பேன்," என்றார். பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினோம். யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆனால், கீழே ஸ்டெல்லா நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறாள். கையில் காலி டிபன் கேரியர். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருண்ணா வெச்சது?"

"நான்தாம்மா..." என் வீட்டுக்காரருக்கு நாக்கு குழறியது. "தொட்டில் காலியா இருந்துச்சு... இந்த நேரத்துல... எனக்கு உங்க வழக்கம் தெரியாம... மன்னிச்சிரும்மா, இதோ எடுத்துடறேன்."

ஸ்டெல்லா குனிந்தாள். கிருஷ்ணனுக்குக் கீழே மெத்தென்று மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பித்தளைச் சுருள் குத்துமே என்று தன் வேட்டி ஒன்றைக் கிழித்துப் போட்டிருக்கிறார் இந்த மனுஷர். எனக்கே அப்போதுதான் தெரியும்.

"எங்க ஏசு பாலனுக்கு இன்னும் நாள் கீதுண்ணா," என்றாள் மெதுவாக.

டிபன் கேரியரைத் தரையில் வைத்தாள்.

"எம் பேரனுக்குந்தான் பிப்ரவரி வரைக்கும் நாள் இருந்துச்சு. அவன் கேட்டானா? முன்னாடியே வந்துட்டான்." துணியின் மடிப்பை நீவிவிட்டாள். "வந்த புள்ளயப் பார்த்து, நீ போயிட்டு அப்பால வான்னா சொல்ல முடியும்? இருக்கட்டும்ணா. எடுக்காத."

என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மட்டும் சும்மா நின்றேனா என்ன?

அதன் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் தொட்டில் அருகே ஒரு நிமிஷம் நிற்பாள். துணி விலகியிருந்தால் இழுத்துவிடுவாள். என்ன சொல்லி வேண்டிக்கொண்டாள் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்பதற்கே மூன்றாம் உலகப் போர் நடக்கும். இதற்கு என்னென்ன கிளம்பப் போகிறதோ என்று போனைத் திறக்கவே பயந்தேன். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அதையும் நான் அற்புதக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அனிதா போன் செய்தாள். குழாயை எடுத்துவிட்டார்கள். பிள்ளை தானாக மூச்சு விடுகிறான். முதல்முறையாக அவளுடைய நெஞ்சில் படுக்க வைத்தார்களாம். ஆரோக்கியராஜ் போனை எங்கள் எல்லோரிடமும் நீட்டி நீட்டிக் காட்டினார். திரையில் அழுகிற அனிதாவும், ஒரு குட்டித் தலையும். இன்னும் சில வாரம் ஆஸ்பத்திரி வாசம் இருக்கிறது. ஆனால் "எதுவும் சொல்றதுக்கில்லை" என்ற பேச்சை டாக்டர் விட்டுவிட்டார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து ஸ்டெல்லா வந்தாள். முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்த குழந்தை ஏசுவை வெளியே எடுத்தாள். பார்க்கிங்கில் பாதி அபார்ட்மென்ட் நின்றிருந்தது. விருந்தாளியின் நேரம் முடிந்தது என்று என் வீட்டுக்காரர் கிருஷ்ணனை எடுக்கக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

குனிந்து, நம்மவனை ஒரு விரலால் ஓரமாக நகர்த்தினாள்.

"கொஞ்சம் தள்ளிப் படு நைனா... தம்பி வந்துகீறான்."