ஸ்டார்போர்டு பக்கம்

என் மனைவி நர்ஸ். நோயாளிகளுக்கு எதிரே நின்றே பழகியவள். இடது என்றால் அவளுக்கு எதிரே இருப்பவரின் இடது. கார் ஓட்டக் கற்றபோதும் இது மாறவில்லை. இடதுபக்கம் திரும்பச் சொன்னால், எதிரே வரும் பஸ்ஸுக்கு எது இடதோ அந்தப் பக்கம் திரும்பினாள். முதல் தேர்வில் தோற்றாள். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலை கிளினிக்கில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஷிப்டு நேரத்துக்குப் பஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லையென்றால் வேலையும் இல்லை.

சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருக்கும் அவள் தம்பி விடுமுறையில் வந்திருந்தான். பின்சீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான்.

"அக்கா, லெஃப்ட் ரைட்டை விடு. கப்பல்ல நீ எந்தப் பக்கம் பாத்து நின்னாலும் ஸ்டார்போர்டு மாறாது. அது கப்பலோட ரைட்டு. லெஃப்ட்டு, போர்ட்."

"பேரை மாத்தினா வண்டி திரும்பிடுமா?"

"சும்னே ட்ரை பண்ணு," என்றான். எங்கள் மைசூர்த் தமிழில் சும்மாவுக்குச் சும்னே.

சொல்லின் பூர்வீகத்தையும் சொன்னான். பழங்காலக் கப்பல்களைத் திருப்பும் துடுப்பு வலதுபக்கம் இருந்தது. திருப்பும் பக்கம் என்பதே அந்தச் சொல்லின் பொருள். துடுப்பு கரையில் இடிபடக் கூடாது என்று மறுபக்கத்தைத் துறைமுகத்தோடு ஒட்டி நிறுத்தினார்கள், அது போர்ட். நான் பத்திரிகையில் இருந்தவன். அகராதியில் சரிபார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லாதது சற்று ஏமாற்றமாக இருந்தது.

கடல் இல்லாத மைசூரில், ரிங் ரோட்டில், ஒரு வாரம் ஸ்டார்போர்டு பக்கம் திரும்பினோம். அவள் ஒருமுறைகூடத் தவறவில்லை. வீட்டில் சாம்பார் கிண்ணமும் போர்ட் பக்கம் நகர ஆரம்பித்தது.

தேர்வன்று நானும் மைத்துனனும் தேர்வு மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றோம். ரிவர்ஸ் எடுக்கும்போது இன்ஸ்பெக்டர் முழுதாகப் பின்னால் திரும்பி உட்கார்ந்து, கன்னடத்தில் இடதுபக்கம் என்றார். கார் நின்றது.

உங்கள் இடதா, வண்டியின் இடதா என்று அவள் கேட்டது திறந்த ஜன்னல் வழியாக எங்களுக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். முன்னால் திரும்பினார். மறுபடி பின்னால் திரும்பினார்.

"போர்ட்டா ஸ்டார்போர்டான்னு கேளுக்கா," என்று மைத்துனன் வேலிக்கு மேலே குரல் கொடுத்தான்.

"அவரு யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நன்ன தம்ம சார். ஷிப்பல்லி குக்," என்று அவள் தம்பியையும் அவன் கப்பல் வேலையையும் கன்னடத்தில் அறிமுகப்படுத்தினாள்.

அவர் இறங்கிவிட்டார். பக்கம் எதையும் சொல்லாமல், மூலையில் இருந்த கம்பத்தை விரலால் காட்டினார். அவள் கம்பத்தில் உரசாமல் கொண்டுபோய் நிறுத்தினாள். பாஸ்.

திங்கட்கிழமை அவளே நஞ்சன்கூட்டுக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். தம்பி பின்சீட்டில் ஏற வந்தபோது கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டாள்.